பெண் நாயின் ஹீட், மேட்டிங், சினை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாய் வளர்ப்பவர்களிடமிருந்து திரும்பத் திரும்ப வரும் சந்தேகங்களை இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன். கேள்விகள் பெரும்பாலும் அவர்கள் கேட்ட வார்த்தைகளிலேயே இருக்கின்றன. முதலிலிருந்து படித்துவருவது நல்லது, ஏனென்றால் பின்னால் வரும் பல பதில்கள் முன்னால் சொன்னதை வைத்தே போகும்.

என் குட்டிக்கு முதல் ஹீட் எப்போ வரும்?

ஹீட் என்பது பெண் நாய் சினை பிடிக்கத் தயாராகும் பருவம். பெரும்பாலான நாய்களுக்கு 6 முதல் 15 மாதத்துக்குள் வந்துவிடும். சின்ன இனங்கள் சீக்கிரம், பெரிய இனங்கள் தாமதம். கிரேட் டேன், மாஸ்டிஃப் போன்ற மிகப்பெரிய இனங்களில் 18 மாதம், சிலவற்றில் 2 வயது வரைகூட ஆகலாம். 2 வயது தாண்டியும் ஒன்றுமே தெரியவில்லை என்றால் மருத்துவரிடம் காட்டுங்கள். அதற்கு முன்னால் கவலைப்பட வேண்டாம்.

ரத்தம் வருதே, இது பொம்பளைங்களுக்கு வர்ற மாதவிடாய் மாதிரிதானா?

இல்லை. இதைத் தப்பாகப் புரிந்துகொள்வதால்தான் மேட்டிங் நாள் கணக்கே பலருக்குத் தப்பிப்போகிறது. மனிதர்களுக்குக் கரு தங்காதபோது கர்ப்பப்பையின் உள்சவ்வு கரைந்து ரத்தமாக வெளியேறுகிறது, அதாவது ஒரு சுழற்சி முடிந்ததற்கான அடையாளம் அது. நாய்க்கு நேர்மாறு. ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் ஏறி, கர்ப்பப்பை கருவுக்குத் தயாராகும்போது அங்கே ரத்தக்குழாய்கள் பெருத்துக் கசிகின்றன. ஆக, ரத்தம் வந்தால் சினைக்குத் தகுந்த நாட்கள் இனிமேல்தான் வரப்போகின்றன என்று அர்த்தம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நாய்க்கு மாதவிடாய் நிற்கும் வயது என்று ஒன்று கிடையாது. கிழட்டு நாய்க்கும் ஹீட் வரும், இடைவெளிதான் கூடிக்கொண்டே போகும்.

ஹீட் மொத்தம் எத்தனை நாள்?

வெளியே நமக்குத் தெரிவது சுமார் 3 வாரம். அதில் முதல் கட்டம் சராசரியாக 9 நாள்: பிறப்புறுப்பு வீங்கும், ரத்தம் வரும், ஆண் நாய்கள் சுற்றிச்சுற்றி வரும், ஆனால் பெண் நாய் கிட்டே விடாது. அடுத்த கட்டமும் சராசரியாக 9 நாள்தான். இதில் ஆணை ஏற்றுக்கொள்ளும். சராசரி என்று சொல்வதைக் கவனியுங்கள், ஒவ்வொரு கட்டமும் 3 நாளிலும் முடியலாம், 2 வாரம் தாண்டியும் இழுக்கலாம்.

அதற்கப்புறம் சுமார் 2 மாதம் புரோஜெஸ்டிரோன் ஹார்மோன் உடம்பில் அதிகமாகவே இருக்கும், சினையாக இருந்தாலும் இல்லாவிட்டாலும். இந்த ஒரு விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பொய்ச்சினை, கர்ப்பப்பையில் சீழ் என்று பின்னால் வரும் தலைவலிகளுக்கெல்லாம் வேர் இங்கேதான் இருக்கிறது. பிறகு 4 மாதம் போல ஓய்வு, அப்புறம் அடுத்த ஹீட்.

வருஷத்துக்கு ரெண்டு தடவை கண்டிப்பா வரணுமா?

கண்டிப்பு எதுவும் இல்லை. சராசரி இடைவெளி 7 மாதம். ஜெர்மன் ஷெப்பர்ட் சிலவற்றுக்கு 4, 5 மாதத்திலேயே வந்துவிடும். பசென்ஜி, திபெத்தியன் மாஸ்டிஃப் போன்றவற்றுக்கு வருடத்துக்கு ஒருமுறைதான். உங்கள் நாயின் வழக்கம் என்ன என்பதுதான் முக்கியம், அதனால் முதல் ஹீட்டிலிருந்தே ரத்தம் கண்ட தேதியை எழுதி வையுங்கள். இடைவெளி 4 மாதத்துக்கும் குறைவாக இருந்தால் கர்ப்பப்பை சரியாகத் தேறாமலே அடுத்த ஹீட் வந்துவிடுகிறது என்று பொருள், சினை பிடிக்காமல் போவதற்கு அது ஒரு காரணம்.

முதல் ஹீட்லயே கிராஸ் பண்ணலாமா?

வேண்டாம். உடம்பு சினை பிடிக்கத் தயாராக இருக்கும், ஆனால் எலும்பும் சதையும் வளர்ந்து முடிந்திருக்காது. குட்டிகளைச் சுமக்கிற, பால் கொடுக்கிற பக்குவமும் வந்திருக்காது. அதோடு இடுப்பு மூட்டுக் கோளாறு போன்ற பரம்பரை நோய்களுக்கான எக்ஸ்ரேயை வளர்ச்சி முடிந்த பிறகு எடுத்தால்தான் நம்பலாம், அது பெரும்பாலும் 2 வயதை ஒட்டித்தான் வரும். அதற்கு முன்னால் குட்டி எடுத்தால் என்ன நோயைக் குட்டிகளுக்குக் கொடுக்கிறோம் என்று தெரியாமலே கொடுக்கிறோம். 2 வயது வரை பொறுத்திருங்கள்.

ஒரு தடவையாவது குட்டி போட்டாத்தான் நாய்க்கு உடம்புக்கு நல்லதுன்னு சொல்றாங்களே?

உண்மையில்லை. குட்டி போடுவதால் எந்த நோயும் தடுக்கப்படுவதில்லை, போடாததால் நாய் மனம் ஏங்குவதும் இல்லை. குட்டிகளை யாரிடம் கொடுக்கப்போகிறோம், சிசேரியன் செய்யும்படி ஆனால் நள்ளிரவில் எங்கே போவது, 8 வாரம் அவற்றைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆள் உண்டா என்ற கேள்விகளுக்கு இப்போதே பதில் இருந்தால் மட்டும் மேலே யோசியுங்கள். இல்லையென்றால் கருத்தடை அறுவை சிகிச்சை பற்றி மருத்துவரிடம் பேசுவதுதான் நாய்க்குச் செய்யும் நல்லது.

9ஆம் நாள், 11ஆம் நாள், 13ஆம் நாள் விட்டா போதும்னு எல்லாரும் சொல்றாங்க. கரெக்டா?

சில நாய்களுக்கு அது பொருந்திப்போகும், அதனால்தான் அந்தக் கணக்கு இன்னும் உயிரோடு இருக்கிறது. ஆனால் சினைமுட்டை வெளியாவது ரத்தம் கண்ட 5ஆம் நாளிலும் நடக்கலாம், 25ஆம் நாள் கழித்தும் நடக்கலாம், இரண்டுமே ஆரோக்கியமான நாய்கள்தான். ஒரே நாய்க்கேகூட ஹீட்டுக்கு ஹீட் மாறும். இது போதாதென்று, நாம் முதல் நாள் என்று குறிப்பதே பல நேரம் மூன்றாவது நாளாக இருக்கும், ஏனென்றால் சில நாய்கள் சுத்தமாக நக்கிவிடும், நாம் தரையில் சொட்டைப் பார்த்த பிறகுதான் விழித்துக்கொள்வோம்.

உள்ளே நடப்பது இதுதான். எல்எச் என்ற ஹார்மோன் ஒரு நாள் திடீரென்று ஏறி இறங்கும். அதிலிருந்து சுமார் 2 நாளில் முட்டைகள் வெளியாகும். ஆனால் நாயின் முட்டை வெளியானவுடனே கருத்தரிக்காது, முதிர 2, 3 நாள் வேண்டும். முதிர்ந்த பிறகு இன்னும் 2, 3 நாள் உயிரோடு இருக்கும். ஆக, முட்டை வெளியான 2ஆம் நாளிலிருந்து 4ஆம் நாள் வரைதான் பொன்னான நாட்கள். ஆண் நாயின் விந்தணு பெண்ணின் உடம்புக்குள் 5 நாள், சில நேரம் 7 நாள்வரைகூட உயிரோடு காத்திருக்கும். நேரடி மேட்டிங்கில் ஒன்றிரண்டு நாள் முன்னே பின்னே போனாலும் சினை பிடிப்பதற்குக் காரணம் இந்தக் காத்திருப்புதான். உறைய வைத்த விந்துக்கு அந்தச் சலுகை இல்லை, அது ஒரு நாள் தாங்குவதே அதிகம்.

அப்போ டெஸ்ட் எதுவும் இல்லாம, நாயைப் பார்த்தே கண்டுபிடிக்க முடியாதா?

ஓரளவு முடியும். ரத்தத்தின் நிறம் கரும்சிவப்பிலிருந்து வெளிறி வைக்கோல் நிறத்துக்கு வரும். கல் மாதிரி வீங்கியிருந்த பிறப்புறுப்பு கொஞ்சம் தொய்ந்து மெத்தென்று ஆகும். வாலுக்கு மேலே முதுகைத் தடவினால் அசையாமல் நின்று வாலை ஒரு பக்கம் ஒதுக்கும். இவை மூன்றும் சேர்ந்து வந்தால் நாள் நெருங்கிவிட்டது.

ஆனால் கடைசிவரை நல்ல சிவப்பாகவே ரத்தம் வரும் நாய்களும் உண்டு. அவற்றின் வீட்டுக்காரர்கள் நிறம் மாறட்டும் என்று காத்திருந்தே நாளைத் தவறவிடுகிறார்கள். வாலை ஒதுக்குவதும் சரியான நாளுக்கு ஒரு வாரம் முன்பே தொடங்கிவிடலாம். உள்ளூர் ஆண் நாயுடன் விடுவதாக இருந்தால், ஏற்றுக்கொள்ளத் தொடங்கிய நாளிலிருந்து ஒரு நாள் விட்டு ஒரு நாள், மறுக்கும்வரை விட்டால் பெரும்பாலும் போதும். தூரத்திலிருந்து நாயைக் கொண்டுவர வேண்டும், இரண்டு நாள்தான் கிடைக்கும் என்றால் டெஸ்ட் எடுத்துவிடுங்கள்.

புரோஜெஸ்டிரோன் டெஸ்ட்னா என்ன? எப்போ எடுக்கணும்?

சாதாரண ரத்தப் பரிசோதனை. மற்ற பிராணிகள் பலவற்றில் முட்டை வெளியான பிறகுதான் புரோஜெஸ்டிரோன் ஏறும், நாய்க்கு அதற்குக் கொஞ்சம் முன்பே ஏறத் தொடங்கிவிடுகிறது. அதனால் வரப்போகும் நாளை முன்கூட்டியே சொல்லிவிட முடிகிறது. ரத்தம் கண்ட 5 முதல் 7ஆம் நாளுக்குள் முதல் சாம்பிள், பிறகு 2, 3 நாளுக்கு ஒருமுறை.

ஒரு மில்லிலிட்டருக்கு 1 நானோகிராமுக்குக் கீழே இருந்தால் இன்னும் நேரம் இருக்கிறது. 2லிருந்து 3ஐத் தொட்டால் எல்எச் ஏறியிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். 5ஐ ஒட்டி வந்தால் முட்டை வெளியாகும் சமயம், அதிலிருந்து 2 நாள் கழித்து மேட்டிங், இன்னும் 2 நாள் கழித்து மறுபடி ஒன்று. சில லேப்கள் நானோமோலில் ரிப்போர்ட் தருவார்கள், அந்த எண்ணை 3.18ஆல் வகுத்தால் நானோகிராம் கிடைத்துவிடும். இதைப் பார்க்காமல் 6 என்று வந்ததை நானோகிராம் என நினைத்து அவசரமாக நாயைக் கொண்டுபோகிறவர்கள் இருக்கிறார்கள், உண்மையில் அது 2க்கும் கீழே.

இரண்டு விஷயம் இதில் முக்கியம். ஒரு டெஸ்ட் போதாது, எண் ஏறுகிற வேகத்தைத்தான் பார்க்க வேண்டும். எல்லா சாம்பிளையும் ஒரே லேபில் கொடுங்கள், மெஷினுக்கு மெஷின் எண் மாறும்.

ஸ்லைடு டெஸ்ட் மட்டும் எடுத்தா போதாதா?

பிறப்புறுப்பின் உள்ளிருந்து பஞ்சால் செல்களை எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது அது. செலவு குறைவு, உடனே தெரியும். 80 சதவீதத்துக்கு மேல் தட்டையான, கெட்டிப்பட்ட செல்கள் இருந்தால் நாய் ஏற்கும் கட்டத்துக்கு வந்துவிட்டது என்று சொல்லலாம், முட்டை எந்த நாளில் வெளியானது என்று சொல்ல முடியாது. புரோஜெஸ்டிரோனுடன் சேர்த்து எடுத்தால் நல்ல துணை. ஹீட் முடிந்துவிட்டதா என்று உறுதி செய்ய இதைவிட எளிய வழி இல்லை, அந்தச் செல்கள் ஒரே நாளில் சட்டென்று குறைந்துவிடும்.

மேட்டிங்குக்கு முன்னாடி என்னென்ன செக் பண்ணணும்?

தடுப்பூசி, குடற்புழு மருந்து எல்லாம் ஹீட்டுக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும், சினையான பிறகு யோசிக்கக் கூடாது. உடல் எடை அளவாக இருக்கட்டும். அந்த இனத்துக்கு வரக்கூடிய பரம்பரை நோய்களுக்கான பரிசோதனை இரண்டு நாய்க்கும் வேண்டும்.

புரூசெல்லா கேனிஸ் டெஸ்ட்டைத் தயவுசெய்து தவிர்க்காதீர்கள். இந்தக் கிருமி இருந்தால் சினை கலையும், பெரும்பாலும் கடைசி மாதத்தில், வெளியே ஒரு அறிகுறியும் இல்லாமலே இருந்து. ஆண் நாய்க்கு விதைப்பை வீங்கும், மலடாகும். மருந்து கொடுத்தாலும் முழுதாகப் போகும் என்ற உத்தரவாதம் இல்லை, மனிதர்களுக்கும் தொற்றும். "எங்க நாய் ஆரோக்கியமாத்தான் இருக்கு" என்று ஆண் நாயின் சொந்தக்காரர் சொல்வதை ரிப்போர்ட்டுக்குப் பதிலாக ஏற்க வேண்டாம்.

லாக் ஆகி அரைமணி நேரமா நிக்குது, பிரிச்சு விடலாமா?

பிரிக்கவே பிரிக்காதீர்கள். ஆண் குறியின் அடிப்பகுதியில் ஒரு பகுதி உள்ளே வீங்கிக்கொள்ளும், பெண்ணின் தசைகள் அதை இறுக்கும், அதனால் அப்படி நிற்கின்றன. 5 நிமிடத்திலிருந்து அரைமணி வரை சாதாரணம், சில நேரம் அதற்கு மேலும் போகும். இழுத்தால் இரண்டுக்கும் காயம், தண்ணீர் ஊற்றுவது கொடுமை. பக்கத்தில் உட்கார்ந்து, பெண் நாய் உட்கார்ந்துவிடாமலும் இழுத்துக்கொண்டு ஓடாமலும் மெதுவாகப் பிடித்துக்கொள்ளுங்கள், போதும்.

லாக்கே ஆகலை. சினை பிடிக்குமா?

பிடிக்கலாம். விந்தணு நிறைந்த பகுதி முதலிலேயே வந்துவிடும், லாக் நேரத்தில் வருவது பெரும்பாலும் அதைத் தள்ளிக்கொண்டு போகும் திரவம். வாய்ப்பு குறையும், அவ்வளவுதான். வேண்டாத ஆண் நாய் ஏறியதென்றால், லாக் ஆகவில்லை என்பதை நம்பி சும்மா இருந்துவிடாதீர்கள்.

வாலை ஒதுக்குது, ஆனா ஆண் நாய் ஏறினா கத்தி கடிக்க வருது. பிடிச்சு நிறுத்தி பண்ணிடலாமா?

கூடாது. முதலில் நாள் சரியா என்று பாருங்கள், பல நேரம் 2 நாள் முன்னால் கொண்டுபோயிருப்பீர்கள். நாள் சரியென்று டெஸ்ட் சொல்லியும் வலியில் கத்தினால் பிறப்புவழி குறுகலாகவோ, உள்ளே குறுக்குச் சவ்வோடோ இருக்கலாம், மருத்துவர் விரலால் பரிசோதித்தாலே தெரியும். சில நாய்களுக்குக் குறிப்பிட்ட அந்த ஆணைப் பிடிக்காது, அதையும் மதிக்க வேண்டும். வாயைக் கட்டி நாலு பேர் பிடித்துக்கொண்டு நடத்துவதை என்னால் எந்தக் காரணத்துக்காகவும் ஏற்க முடியாது.

ரத்தம் வந்து ஒரு வாரத்துல நின்னுடுச்சு, ஒரு மாசம் கழிச்சு திரும்ப வந்திருக்கு. ஏதாவது வியாதியா?

இளம் நாய்களில் அடிக்கடி பார்ப்பதுதான் இது. ஹீட் தொடங்கும், முட்டை வெளியாகாமலே அடங்கிவிடும், சில வாரம் கழித்து மறுபடி தொடங்கி இந்த முறை முழுதாக முடியும். இரண்டாவது முறைதான் உண்மையான ஹீட், நாள் கணக்கை அதிலிருந்து எண்ணுங்கள். ஆனால் ரத்தம் 3 வாரத்துக்கு மேல் நிற்காமல் வந்தால் சினைப்பையில் கட்டி இருக்கிறதா என்று ஸ்கேனில் பார்க்க வேண்டும்.

ரத்தமே வரலை, ஆனா ஆண் நாயெல்லாம் வாசல்ல நிக்குது!

ஆண் நாய்களின் மூக்கை நம்புங்கள். வெளியே தெரியாமல் வரும் ஹீட் உண்டு, சினையும் பிடிக்கும். வாரம் இருமுறை வெள்ளைத் துணியால் துடைத்துப் பார்த்தால் லேசான கறை தெரியும். ஏற்கெனவே கருத்தடை செய்த நாயிடம் இப்படி நடந்தால் சினைப்பையின் சிறு துண்டு உள்ளே தங்கியிருக்கலாம், மருத்துவரிடம் போங்கள்.

தெரியாம வேற நாயோட சேர்ந்திடுச்சு. ஊசி போட்டு கலைச்சிடலாமா? இப்போ நல்ல நாயோட விட்டா குட்டி அதோடதா இருக்குமா?

ஈஸ்ட்ரோஜன் ஊசி போடுகிறேன் என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். கர்ப்பப்பையில் சீழ் பிடிப்பதற்கும், எலும்பு மஜ்ஜை கெட்டு ரத்த உற்பத்தி குறைவதற்கும் அது வழிவகுக்கும். அக்லெப்ரிஸ்டோன் என்ற மருந்து இதைவிடப் பாதுகாப்பானது, மேட்டிங்கிலிருந்து 45ஆம் நாளுக்குள் கொடுக்கலாம், எல்லா நாட்டிலும் கிடைக்காது. இனி குட்டியே வேண்டாம் என்றால் அறுவை சிகிச்சைதான் தெளிவான தீர்வு.

இரண்டாவது கேள்விக்கு: முதல் நாயின் விந்தணு நாள்கணக்கில் உயிரோடு இருக்கும் என்று மேலே சொன்னேன் அல்லவா, அதனால் ஒரே ஈற்றில் இரண்டு தகப்பன்களின் குட்டிகள் பிறக்கலாம். எந்தக் குட்டி யாருடையது என்பதை டிஎன்ஏ டெஸ்ட்தான் சொல்லும். முதல் நாய் கெடுத்துவிட்டதால் அடுத்த ஈற்றுக் குட்டிகளும் கலப்பாகும் என்பது மட்டும் சுத்தப் பொய்.

சினையான்னு எப்போ தெரியும்? பொம்பளைங்க யூஸ் பண்ற டெஸ்ட் கிட் வேலை செய்யுமா?

வேலை செய்யாது, அந்தக் கிட் தேடும் ஹார்மோன் நாயிடம் கிடையாது. புரோஜெஸ்டிரோனும் உதவாது, சினை இல்லாத நாய்க்கும் அது 2 மாதம் உயர்ந்தேதான் இருக்கும் என்று பார்த்தோம். மேட்டிங்கிலிருந்து 28, 30 நாளில் அல்ட்ராசவுண்ட் எடுத்தால் குட்டிகளின் இதயத்துடிப்பு தெரியும். எத்தனை குட்டி என்று எண்ண 55 நாளுக்கு மேல் எக்ஸ்ரே எடுங்கள். இடையில் கால்சியம் மாத்திரை வேண்டாம். சினையின்போது அதை அதிகம் கொடுத்தால் பால் கொடுக்கும் காலத்தில் கால்சியம் சட்டென்று இறங்கி வலிப்பு வரும் ஆபத்துதான் கூடும்.

ஸ்கேன்ல சினை இல்லைன்னு சொன்னாங்க, ஆனா பால் வருது, பொம்மையைத் தூக்கிட்டு சுத்துது?

பொய்ச்சினை. அந்த 2 மாத புரோஜெஸ்டிரோன் இறங்கும்போது பால் சுரக்க வைக்கும் ஹார்மோன் ஏறுகிறது, உடம்பு குட்டி போட்டதாகவே நடந்துகொள்கிறது. பாலைக் கறக்காதீர்கள், கறந்தால் இன்னும் சுரக்கும். நக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், நடைக்கு அழைத்துப்போய்க் கவனத்தைத் திருப்புங்கள், 2, 3 வாரத்தில் அடங்கும். மடி கட்டிச் சூடாக இருந்தால் மருத்துவர். பாவம், அது உண்மையாகவே குட்டியைத் தேடுகிறது, திட்டாதீர்கள்.

ஹீட் முடிஞ்சு ஒரு மாசம். நிறைய தண்ணி குடிக்குது, சாப்பிடலை. வெயிலாலயா?

காத்திருக்காமல் இன்றே காட்டுங்கள். கர்ப்பப்பையில் சீழ் பிடிப்பது பெரும்பாலும் ஹீட் முடிந்த இரண்டு மாதத்துக்குள்தான் வரும். கர்ப்பப்பை வாய் திறந்திருந்தால் நாற்றத்தோடு சீழ் வடியும். மூடியிருந்தால் வெளியே ஒன்றும் தெரியாது, அதுதான் மிக ஆபத்து. சோர்வு, வாந்தி, அதிக தாகம் என்று மட்டும் இருக்கும், உயிரே போகலாம். பொதுவான சிகிச்சை கர்ப்பப்பையை அகற்றுவதுதான். ஹீட் வராமல் தடுக்க என்று போடப்படும் ஹார்மோன் ஊசிகள் இந்த நோயின் ஆபத்தைக் கூட்டும், குட்டி எடுக்க நினைக்கும் நாய்க்கு அவை வேண்டவே வேண்டாம்.

மூணு தடவை விட்டும் சினை பிடிக்கலை. நாய் மலடா?

அந்த முடிவுக்கு உடனே போகாதீர்கள். சினை பிடிக்காததற்கு முதல் காரணம் தப்பான நாள். அடுத்த ஹீட்டில் மேலே சொன்னபடி புரோஜெஸ்டிரோன் பார்த்து விடுங்கள். கூடவே ஆண் நாயின் விந்தையும் பரிசோதியுங்கள், பழியெல்லாம் பெண் நாய் மேலேயே போடுவது நியாயமில்லை. ஆணுக்கு ஒரு கடும் காய்ச்சல் வந்துபோயிருந்தால்கூட விந்தணு மறுபடி தேற 2 மாதம் ஆகும். போன ஈற்றில் நிறைய குட்டி கொடுத்தது என்பது இன்றைய விந்துக்குச் சான்று ஆகாது.

இவை இரண்டும் சரியாக இருந்தும் பிடிக்கவில்லை என்றால் புரூசெல்லாவை மறுபடி பாருங்கள், பிறகு கர்ப்பப்பை ஸ்கேன். வயதையும் கணக்கில் எடுங்கள். 5, 6 வயதுக்கு மேல் குட்டி எண்ணிக்கை குறையும், பிரசவச் சிக்கல் கூடும், அந்த வயதில் முதல் ஈற்றுக்கு முயல வேண்டாம்.

மேட்டிங் நாள்லருந்து 63 நாள் தாண்டிடுச்சு, குட்டி போடலை. ஆபரேஷன் பண்ணச் சொல்லலாமா?

63 என்பது முட்டை வெளியான நாளிலிருந்து எண்ண வேண்டியது, அப்படி எண்ணினால் ஒரு நாள் முன்னே பின்னேதான் வரும். மேட்டிங் நாளிலிருந்து எண்ணினால் 58இலும் போடலாம், 72இலும் போடலாம், விந்தணு காத்திருந்த நாட்களையும் முட்டை முதிர்ந்த நாட்களையும் சேர்த்துப் பாருங்கள், ஏன் என்று புரியும். புரோஜெஸ்டிரோன் ரிப்போர்ட் கையில் இருந்தால் மருத்துவரிடம் அதைத்தான் முதலில் காட்ட வேண்டும், நாள் வராமல் சிசேரியன் செய்தால் குட்டிகளின் நுரையீரல் தயாராக இருக்காது.

கடைசி வாரத்தில் தினமும் இரண்டு மூன்று முறை ஆசனவாய் வெப்பநிலை எடுத்து எழுதுங்கள். வழக்கமாக 38 டிகிரி செல்சியஸுக்கு மேல் இருப்பது 37ஐ ஒட்டி இறங்கினால் பெரும்பாலும் ஒரு நாளுக்குள் பிரசவம். இறங்கி ஒரு நாள் ஆகியும் வலி தொடங்கவில்லை, கரும்பச்சை திரவம் வந்தும் குட்டி வரவில்லை, அரைமணி நேரமாகப் பலமாக முக்கியும் ஒன்றும் வரவில்லை, இவற்றில் எது நடந்தாலும் வண்டியில் ஏற்றிக்கொண்டே மருத்துவருக்கு போன் செய்யுங்கள்.